மலிவு மவுஸ், விலை மவுஸ்: எய்ம் எதில் தேறும்?

பிப்ரவரி 8, மாலை 6.20 (வந்த கேள்வி)

"அண்ணா, வலோரன்ட் ஷூட்டிங் கேம்ல ரொம்ப நாளா கோல்டு ரேங்க்லயே நிக்கிறேன். லாஜிடெக் ஜி102 மவுஸ் வச்சிருக்கேன், வாங்கும்போது 1,300 ரூபா. என் டீம்ல ரெண்டு பேர் லாஜிடெக்கோட விலை கூடின சூப்பர்லைட் மவுஸுக்கு மாறிட்டாங்க, ஹெட்ஷாட் ஏறிடுச்சுன்னு சொல்றாங்க. மாமா அடுத்த மாசம் துபாய்ல இருந்து வர்றார், வாங்கிட்டு வரச் சொல்லலாமா? அதோட சென்சார் 25,000 டிபிஐ, என்னோடது 8,000தான். விலை கூடின மவுஸ்ல எய்ம் துல்லியமா இருக்கும்ங்கிறது உண்மைதானே?"

பிப்ரவரி 8, இரவு 10.45

மாமாவிடம் இன்னும் சொல்லாதே தம்பி. சென்சாரை மட்டும் பார்த்தால் உன்னிடம் இருப்பதே போதும். அதில் எனக்குச் சந்தேகம் இல்லை.

மவுஸின் அடியில் இருப்பது ஒரு குட்டி கேமரா. மவுஸ் பேடின் இழைகளை நொடிக்கு ஆயிரக்கணக்கில் படமெடுக்கும். ஒரு படத்துக்கும் அடுத்த படத்துக்கும் நடுவில் இழைகள் எவ்வளவு நகர்ந்திருக்கின்றன என்று கணக்குப் போட்டு கம்ப்யூட்டருக்குச் சொல்லும். மைக்ரோசாஃப்ட் 1999இல் இன்டெலிமவுஸ் எக்ஸ்ப்ளோரரைக் கொண்டுவந்தபோது நொடிக்கு 1,500 படங்கள். கையை வேகமாக வீசினால் இரண்டு படத்துக்கும் பொதுவான இழையே இருக்காது. சென்சாருக்கு வழி தவறிவிடும், பார்வை கூரைக்கோ தரைக்கோ ஓடிவிடும். அந்தக் காலத்தில் நல்ல மவுஸுக்கும் சுமார் மவுஸுக்கும் நடுவில் ரவுண்டையே தோற்கிற அளவுக்கு வித்தியாசம் இருந்தது. சென்சார் தயாரிக்கும் பிக்ஸ்ஆர்ட் நிறுவனத்தின் 3360 சென்சார் நொடிக்கு 12,000 படங்கள் வரை எடுக்கும், 250 ஐபிஎஸ் வரை தடம் மாறாது. அதோடு அந்தப் பேச்சு முடிந்தது.

ஐபிஎஸ் என்பது நொடிக்கு எத்தனை அங்குலம் நகர்ந்தாலும் தவறாமல் பின்தொடரும் என்பதன் அளவு. உன் ஜி102க்கு லாஜிடெக் தரும் கணக்கு 200 ஐபிஎஸ், அதாவது நொடிக்கு 5 மீட்டர். சென்ஸை (மவுஸ் நகர்வுக்குப் பார்வை எவ்வளவு திரும்பும் என்ற விளையாட்டின் அமைப்பை) குறைத்து வைத்து முழங்கையோடு வீசி ஆடுகிறவர்கள்கூட அந்த வேகத்தைத் தொடுவது அபூர்வம். நீ தொடுவாயா என்பதைப் பிறகு பார்ப்போம்.

பிப்ரவரி 9, காலை 7.10

டிபிஐ பற்றி நேற்று எழுதாமல் விட்டுவிட்டேன். மவுஸ் ஓர் அங்குலம் நகர்ந்தால் கம்ப்யூட்டருக்கு எத்தனை கவுன்ட் (நகர்வு எண்ணிக்கை) அனுப்பும் என்பதுதான் டிபிஐ. 25,000 என்ற எண்தான் உன்னை இழுத்திருக்கிறது, அதனால் கணக்காகவே சொல்கிறேன்.

வலோரன்ட்டில் சென்ஸ் 1 என்று வைத்தால், மவுஸ் அனுப்பும் ஒவ்வொரு கவுன்ட்டுக்கும் பார்வை 0.07 டிகிரி திரும்பும். 800 டிபிஐ, 0.35 சென்ஸ் என்று வைத்தால் ஒரு கவுன்ட்டுக்கு 0.0245 டிகிரி. விளையாட்டின் பார்வைக் கோணம் 103 டிகிரி. 1920 பிக்சல் அகலத் திரையில், நட்டநடுவில், ஒரு பிக்சலின் அகலம் ஏறக்குறைய 0.075 டிகிரி. ஆக, 800 டிபிஐயிலேயே ஒரு பிக்சலைத் தாண்ட மூன்று கவுன்ட் வேண்டும். கிராஸ்ஹேர் (திரை நடுவில் இருக்கும் குறி) பிக்சலைத் தாண்டிக் குதிப்பது என்ற பேச்சுக்கே அங்கே இடமில்லை. 25,000 டிபிஐயில் வைத்து ஆடுகிற ஒருவரை நான் பார்த்ததில்லை. அந்த எண் அட்டைப்பெட்டிக்காக இருக்கிறது.

400இலிருந்து 800 அல்லது 1600க்கு ஏற்றி, அதற்கேற்ப சென்ஸைக் குறைத்தால் ஒரு சின்ன லாபம் உண்டு. 400 டிபிஐயில் மவுஸ் 0.06 மில்லிமீட்டர் நகர்ந்த பிறகுதான் முதல் கவுன்ட் கிளம்பும், 1600இல் அதில் கால்வாசி நகர்ந்தாலே போதும். மெதுவாக நகர்த்தும்போது தொடக்கம் கொஞ்சம் சீக்கிரம் தெரியும். உன் 8,000 டிபிஐ மவுஸ் இதைத் தாராளமாகச் செய்யும்.

பிப்ரவரி 11, இரவு 9.30

"அப்படின்னா 400 ரூபாய் மவுஸும் அதே வேலையைச் செய்யுமா" என்று மதுரையிலிருந்து ஒருவர் கேட்டிருக்கிறார். செய்யாது. கீழே ஒரு கோடு இருக்கிறது, அதற்குக் கீழே போனால் எய்ம் நிஜமாகவே கெடும்.

உடல் முழுக்க வண்ண விளக்கோடு வரும் மிக மலிவான மவுஸ்களில் சென்சார் ஆபீஸ் மவுஸுக்கானது. அட்டையில் 7,200 டிபிஐ என்று போட்டிருக்கும். நிஜத்தில் அதில் பாதிகூட சென்சார் பார்ப்பதில்லை, மீதியைச் சிப் பெருக்கிக் காட்டும். சிலவற்றில் ஆங்கிள் ஸ்னாப்பிங் உள்ளேயே கட்டியிருக்கும்: நீங்கள் லேசாகச் சாய்வாக இழுத்தாலும் அது நேர்கோடாகத் திருத்திவிடும். தலைமட்டத்தில் கிராஸ்ஹேரை வைத்து மெல்ல மேலே தூக்க நினைக்கும்போது அது உங்களோடு மல்லுக்கு நிற்கும். கம்ப்யூட்டருக்குச் செய்தி அனுப்புவதும் நொடிக்கு 125 தடவைதான், அதாவது 8 மில்லிசெகண்டுக்கு ஒன்று.

வீட்டிலேயே சோதிக்கலாம். முதலில் விண்டோஸ் மவுஸ் அமைப்பில் என்ஹான்ஸ் பாயின்டர் பிரிசிஷன் டிக்கை எடுத்துவிடுங்கள். பெயின்டைத் திறந்து, மெதுவாகச் சாய்கோடுகளும் வட்டங்களும் வரையுங்கள். வட்டம் பலகோணம் போல விளிம்பு கட்டினால் ஸ்னாப்பிங் இருக்கிறது. கோடு ரம்பப் பல்லாக வந்தால் ஜிட்டர், அதாவது சென்சாரின் நடுக்கம்.

அடுத்தது விளையாட்டுக்குள். ஒரு தடித்த புத்தகத்தைப் பேடின் ஓரம் வைத்து, மவுஸை அதில் முட்டவைத்து, சுவரில் ஒரு புள்ளியைக் குறிபாருங்கள். 20 செ.மீ. மெதுவாக வெளியே இழுத்து, வேகமாகத் திரும்பப் புத்தகத்தில் முட்டவிடுங்கள். கிராஸ்ஹேர் அதே புள்ளிக்கு வந்தால் சென்சார் நேர்மையானது. வேறெங்கோ நின்றால் அந்த மவுஸில் கை பழகவே பழகாது, ஏனென்றால் அதே அசைவுக்கு ஒவ்வொரு முறையும் வேறு பதில் தருகிறது.

என் பார்வையில் அந்தக் கோடு இன்றைக்கு ஆயிரம் ரூபாய்க்குச் சற்று மேலே ஓடுகிறது. ஜி102, ரேஸர் டெத்ஆடர் எசென்ஷியல் எல்லாம் கோட்டுக்கு மேலே.

பிப்ரவரி 12, இரவு 8.05

தம்பி, முதலிலேயே கேட்டிருக்க வேண்டியது. உன் டிபிஐ என்ன, சென்ஸ் என்ன? பேடின் அளவு என்ன?

பிப்ரவரி 13, இரவு 11.20

1600 டிபிஐ, 0.8 சென்ஸ், கூட நோட்டுப் புத்தகம் அளவுக்கு ஒரு பேட். இப்போது எல்லாம் புரிகிறது.

கணக்கைப் பார். 0.07ஐ 0.8ஆல் பெருக்கினால் ஒரு கவுன்ட்டுக்கு 0.056 டிகிரி. முழுச்சுற்று 360 டிகிரிக்கு 6,430 கவுன்ட் வேண்டும். 1600ஆல் வகுத்தால் 4 அங்குலம், அதாவது 10 செ.மீ. உள்ளங்கை அகலத்துக்கு மவுஸை நகர்த்தினால் நீ ஒரு முழுச் சுற்று சுற்றிவிடுகிறாய். ஒரு மில்லிமீட்டருக்கு மூன்றரை டிகிரி. தூரத்தில் நிற்கும் எதிரியின் தலை ஒரு டிகிரிகூட இருக்காது. மில்லிமீட்டரில் கால்வாசியை, பதற்றத்தில், சரியாக நிறுத்தச் சொல்லி உன் விரல்களைக் கேட்கிறாய். எந்த மவுஸாலும் அதைச் செய்து தர முடியாது.

வலோரன்ட் போட்டிகளில் ஆடுகிறவர்களில் பெரும்பாலோர் டிபிஐயையும் சென்ஸையும் பெருக்கினால் 200இலிருந்து 400க்குள் இருப்பார்கள். உன்னுடையது 1,280. 800 டிபிஐயில் 0.4 வைத்தால் பெருக்கல் 320, முழுச்சுற்றுக்கு 41 செ.மீ. அதே தலை இப்போது மேஜையில் நான்கு மடங்கு அகலம். பால் ஃபிட்ஸ் 1954இலேயே இதைச் சூத்திரமாகக் கொடுத்தார்: இலக்கின் தூரம் கூடக்கூட, அதன் அகலம் குறையக் குறைய, அதைத் தொட நேரம் கூடும். சென்ஸைக் குறைக்கும்போது தூரமும் அகலமும் சேர்ந்தே பெரிதாகின்றன, சூத்திரத்தின்படி கணக்கு மாறக்கூடாது. ஆனால் கால் மில்லிமீட்டரில் கை நடுக்கமும் பேடின் உராய்வும் இலக்கைவிடப் பெரியவை. அந்த இடத்தில் சூத்திரத்தைவிட நடுக்கம்தான் ஜெயிக்கும். இலக்கை நடுக்கத்தைவிடப் பெரிதாக்கத்தான் சென்ஸைக் குறைக்கிறோம்.

ஒரே நாளில் 0.4க்கு இறங்காதே. 800இல் 1.0, பிறகு 0.7, பிறகு 0.5 என்று வா. திரும்பவே முடியவில்லை என்று முதலில் எரிச்சல் வரும். மணிக்கட்டிலிருந்து முழங்கைக்கு வேலை மாறுவதன் எரிச்சல் அது, தாங்கு.

இதற்கு உன் பேட் பத்தாது. பெரிய பேட்தான் முதல் செலவு, மவுஸ் இல்லை.

பிப்ரவரி 16, ஞாயிறு, மாலை 5.00

வாயால் சொல்வதைவிடச் செய்து பார்ப்பது மேல் என்று, ஆபீஸ் நண்பரிடம் முதல் சூப்பர்லைட்டை இரவல் வாங்கி, என் ஜி102ஓடு வைத்து ஆடினேன். ஒன்று 63 கிராம், வயர்லெஸ். மற்றது 85 கிராம், வயரோடு. சூப்பர்லைட் வந்தது 2020இல், இன்னும் நிறைய பேர் கையில் இருக்கிறது.

ஒப்பிடுமுன் செய்யவேண்டிய ஒன்றைப் பெரும்பாலோர் செய்வதில்லை. இரண்டிலும் 800 டிபிஐ என்று வைத்தால் இரண்டும் 800 ஆகிவிடாது. மேஜையில் ஸ்கேலை ஒட்டி, 10 செ.மீ. நகர்த்தி, எத்தனை கவுன்ட் வருகிறது என்று மவுஸ் டெஸ்டர் மென்பொருளில் பார்த்தேன். 800க்கு 3,150 வரவேண்டும். ஒன்று அதையொட்டி வந்தது, இன்னொன்று 3,300 பக்கம் நின்றது. ஐந்து சதவீத வேகம். இதைத் திருத்தாமல் மாற்றி மாற்றி ஆடினால் "புது மவுஸ் ஓவர்ஷூட் ஆகுது" என்றோ "பழசு மந்தமா இருக்கு" என்றோ தோன்றும், இரண்டுமே சென்ஸ் வித்தியாசம்தான். விளையாட்டுக்குள் சென்ஸை அதற்கேற்ப நகர்த்திச் சமன்செய்தேன்.

எய்ம் பழகுவதற்கான எய்ம் லேப், கோவாக்ஸ் இரண்டு மென்பொருளிலும் ஆடினேன். எதை முதலில் எடுப்பது என்பதை மாற்றிக்கொண்டே வந்தேன், இல்லையென்றால் கை சூடாவதற்கு முன் எடுத்த மவுஸ்மேல் பழி விழும்.

நின்ற இலக்குகளைப் பொட்டுப் பொட்டாகச் சுடுவதில் இரண்டுக்கும் வித்தியாசம் தெரியவில்லை. எனக்கு ஒரே மவுஸில் நாளுக்கு நாள் ஏறி இறங்கும் ஸ்கோருக்குள்ளேயே அது அடங்கிப்போனது. உன் கேள்விக்கு நேர்ப் பதில் இதுதான், ஏனென்றால் வலோரன்ட்டில் நீ செய்வதில் பெரும்பங்கு இந்த வகைச் சூடு.

ஓடும் இலக்கை விடாமல் பின்தொடர்வதில் கதை வேறு. இலக்கு சட்டென்று திசை மாறும்போது லேசான மவுஸ் கூடவே திரும்பியது. ஜி102 ஒரு கணம் போன திசையிலேயே போய்ப் பிறகு திரும்பியது. 22 கிராம்தான் வித்தியாசம், ஆனாலும் நிறுத்தித் திருப்புகிற கை அதை உணர்கிறது. ஒரு மணிநேரத்துக்கு மேல் போனால் இன்னும் விரிகிறது. முன்கை களைத்த பிறகு கனமான மவுஸில் தடுமாற்றம் முதலில் வந்தது.

பிப்ரவரி 17, காலை 6.50

நேற்று எழுதியதில் ஒரு திருத்தம். எடைக்கு என்று நான் எழுதியதில் ஒரு பங்கு வயருடையது. ஜி102இன் வயர் ரப்பர்போல விறைப்பானது, மேஜை விளிம்பில் உரசிப் பின்னால் இழுக்கும். ராத்திரி பைண்டர் கிளிப் ஒன்றை மேஜையின் பின்விளிம்பில் மாட்டி, வயரை அதன் காது வழியாக நுழைத்து, மவுஸ் பக்கம் ஒரு வளையம் தொங்கும்படி விட்டேன். திசை மாற்றும்போது இருந்த இழுவையில் நல்ல பாதி போய்விட்டது. ஐந்து ரூபாய் செலவு.

பாதம் இன்னொன்று. மவுஸின் அடியில் வரும் கறுப்பு வழுக்குத் துண்டுகளை எடுத்துவிட்டு வெள்ளை பிடிஎஃப்இ (டெஃப்லான்) பாதம் ஒட்டினால் முதல் நகர்வு இளகும். சில நூறு ரூபாய்தான். பழையதன் பசையை முழுக்கச் சுரண்டிவிட்டு ஒட்டுங்கள், இல்லையென்றால் ஆடும்.

பிப்ரவரி 22, இரவு 10.15

"ப்ரோ எல்லாரும் சூப்பர்லைட், வைப்பர், டெத்ஆடர் வி3 ப்ரோ வச்சிருக்காங்களே, அவங்க முட்டாளா" என்று ஒருவர் கோபப்பட்டிருக்கிறார். அவர்கள் சரியாகத்தான் செய்கிறார்கள். தினம் எட்டு மணிநேரம் ஆடுகிறவருக்குக் களைப்பு என்பது பணம். 60 கிராம் சுற்றி நிற்கும், வயர் இல்லாத மவுஸ் அவருக்கு நியாயமான கருவி. ஸ்பான்சர் கொடுக்கும்போது விலையும் கேள்வி இல்லை. கல்லூரி முடித்து வந்து ராத்திரி இரண்டு மணிநேரம் ஆடும் பையனின் கணக்கு வேறு.

அவர்களிடமிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது வடிவத்தை எப்படித் தேர்ந்தார்கள் என்பதை. ஸோவியின் இசி வரிசையில் இருக்கும் இரண்டு எழுத்தும் எமில் கிறிஸ்டென்சனின் பெயரிலிருந்து வந்தவை. ஹீட்டன் என்று கவுன்டர் ஸ்ட்ரைக் உலகம் அறிந்த ஸ்வீடன்காரர். அந்த வரிசையின் வலக்கை வடிவத்தை அடிப்படையில் மாற்றாமலேயே, சென்சார் போன்றவற்றைக் காலத்துக்குக் காலம் மாற்றி விற்றுவருகிறார்கள். வாங்குகிறவர்களும் அதே வடிவத்துக்குத் திரும்பத் திரும்ப வருகிறார்கள்.

நடுவிரல் நுனியிலிருந்து மணிக்கட்டு ரேகைவரை கையை அளந்துபார். உள்ளங்கை முழுவதும் படியப் பிடிப்பவர்களுக்கு முதுகு உயர்ந்த பெரிய மவுஸ். விரல்களை வளைத்து நகம்போலப் பிடிப்பவர்களுக்குப் பின்பக்கம் கூன் இருக்கும் மவுஸ். விரல்நுனியால் மட்டும் பிடிப்பவர்களுக்குச் சின்னது, தட்டையானது. ஜி102 சின்ன மவுஸ். பெரிய கையோடு அதை உள்ளங்கைப் பிடியில் பிடித்தால் சுண்டுவிரல் பேடில் இழுபடும். அந்த இழுபடல் மேல்கீழ் அசைவைக் கெடுக்கும். ஸ்ப்ரே அடிக்கும்போது (விடாமல் தொடர்ந்து சுடும்போது) மவுஸைக் கீழே இழுப்பது அங்கேதான் பிசகுகிறது.

சென்சார் உடலில் எங்கே இருக்கிறது என்பதும் கணக்கு. மணிக்கட்டை ஊன்றித் திருப்பும்போது மவுஸ் வில்லாக வளைந்து போகிறது. சென்சார் முன்னால் தள்ளியிருந்தால் அதே திருப்பத்துக்கு அதிகத் தூரம், பின்னால் இருந்தால் குறைவு. டிபிஐ, சென்ஸ் எல்லாம் சமமாக இருந்தும் "வேகம் வேற மாதிரி இருக்கு" என்று தோன்றுவதற்கு இது ஒரு காரணம்.

பிப்ரவரி 23, காலை 8.30

புதுசு வாங்கிய முதல் இரண்டு வாரம் எவருடைய ஸ்கோரையும் நம்பாதே தம்பி, உன் டீம் நண்பர்களுடையதையும் சேர்த்துத்தான். புது மவுஸ் வந்தால் ஆள் கவனமாக ஆடுகிறான், அதிக நேரம் ஆடுகிறான். ஏறியது அதனாலா மவுஸாலா என்று அப்போது பிரிக்க முடியாது.

மார்ச் 30, மதியம் 2.40

சென்னையில் இருக்கிறவர்களுக்காக இதைத் தனியாக எழுதவேண்டும் என்று ரொம்ப நாளாக நினைத்திருந்தேன். மவுஸுக்காகச் செய்யும் விவாதத்தில் பாதியாவது பேடுக்குப் போகவேண்டும், இந்த ஊரில் முக்கால்வாசி.

துணிப் பேட் ஈரத்தைக் குடிக்கும். பிப்ரவரி காலையில் பட்டுப்போல ஓடிய அதே பேட், மார்ச் கடைசியில் கடற்காற்று ஏறிய மாலையில் சேற்றில் இழுப்பதுபோல ஆகிவிடுகிறது. நகர்த்தத் தொடங்கும் முதல் கணத்தில் பிடித்துக்கொண்டு, பிறகு திடீரென்று விடும். சின்னத் திருத்தங்களுக்கு இதைவிடக் கெட்டது கிடையாது: தலையிலிருந்து இரண்டு பிக்சல் தள்ளி நிற்கும் கிராஸ்ஹேரை நகர்த்தப் பார்த்தால் நகராது, இன்னும் கொஞ்சம் அழுத்தினால் தலையைத் தாண்டிப் போய்விடும். "இன்னிக்கு எய்மே இல்ல" என்று நாம் சொல்லும் நாட்களில் பல இப்படிப்பட்ட நாட்கள். நான் சில மாதமாக ஆடும் நேரத்தின் ஈரப்பதத்தைப் பார்த்துக்கொண்டு வருகிறேன். மந்தமான நாட்கள் அதோடு ஒட்டித்தான் வருகின்றன.

முன்கை வியர்வை இன்னொரு பிரேக். தோல் பேடில் ஒட்டிக்கொண்டால் முழங்கை அசைவு விட்டுவிட்டு வரும். மெல்லிய ஸ்லீவ் ஒன்று, பைக் ஓட்டும்போது வெயிலுக்குப் போடுவோமே அது, அதைப் போட்டுக்கொண்டு ஆடினால் உடனே தெரியும். நூறு ரூபாய்க்குள் முடியும். ஃபேனை மேலிருந்து மட்டும் விடாமல், ஒரு டேபிள் ஃபேனைப் பேடுக்குக் குறுக்கே வைத்தால் இன்னும் நல்லது. ஏசி போடுபவர்களுக்கு ஈரப் பிரச்சினை பெரும்பாலும் இல்லை. ஆனால் ஏசி போட்ட நாளும் போடாத நாளும் இரண்டு வேறு பேடில் ஆடுவதற்குச் சமம், கை குழம்பும்.

கண்ணாடிப் பேடை ஈரம் தொடாது. வழுக்கு அதிகம் என்பதால் நிறுத்தப் பழக நாளாகும், பாதங்களும் சீக்கிரம் தேயும். துணியிலேயே இருக்க விரும்பினால், ஓரம் தைத்த பெரிய பேட், 90க்கு 40 செ.மீ., 600 ரூபாயிலிருந்து ரிச்சி தெருவில் தொட்டுப்பார்த்து வாங்கலாம். அடி ரப்பர் மேஜையில் அசையாமல் பிடிக்கிறதா என்று பார்.

மார்ச் 31, இரவு 9.00

கழுவலாமா என்று கேட்டவருக்கு: தாராளமாக. வெதுவெதுப்பான தண்ணீர், கொஞ்சம் ஷாம்பு, கையால் தேய்த்து, நன்றாக அலசி, நிழலில் காயப்போடுங்கள். வாஷிங் மெஷினில் போடாதீர்கள். உள்ளே ஈரம் இருக்கும்போதே ஆடினால் காசு கொடுத்துச் சேற்றை வாங்கியதாகும்.

ஏப்ரல் 12, இரவு 11.50

8,000 ஹெர்ட்ஸ் மவுஸ் பற்றி மூன்று பேர் கேட்டுவிட்டார்கள். ரேஸர் வைப்பர் வி3 ப்ரோ இப்போது அதோடு வருகிறது, 54 கிராம்.

1,000 ஹெர்ட்ஸில் மவுஸ் ஒரு மில்லிசெகண்டுக்கு ஒருமுறை செய்தி அனுப்புகிறது. 8,000இல் 0.125 மில்லிசெகண்டுக்கு ஒருமுறை. அதிகபட்ச மிச்சம் 0.875 மில்லிசெகண்ட். இதை எதோடு வைத்துப் பார்க்கவேண்டும்? 60 ஹெர்ட்ஸ் மானிட்டர் புதுப் படம் காட்ட எடுக்கும் நேரம் 16.7, 144 ஹெர்ட்ஸில் 6.9. வலோரன்ட் சர்வர் ஆட்டத்தை நொடிக்கு 128 தடவை (டிக்) புதுப்பிக்கும், ஒரு டிக்குக்கு 7.8. இங்கிருந்து மும்பை சர்வருக்கு 30 மில்லிசெகண்ட் பிங் (செய்தி போய்த் திரும்பும் நேரம்) வந்தால் சந்தோஷப்படுகிறோம். கண்ணில் பட்டுக் கை அசைய மனிதனுக்கு 200 மில்லிசெகண்ட் பக்கம் ஆகிறது. 125இலிருந்து 1,000க்குப் போவது 7 மில்லிசெகண்ட் மிச்சம், அது நிஜமான லாபம், மலிவான ஜி102இலேயே அது இருக்கிறது. 1,000இலிருந்து 8,000க்குப் போவதில் பழைய பிராசஸருக்கு வேலை கூடி ஃப்ரேம் குறைந்தால் கிடைத்ததைவிட இழந்தது அதிகம்.

60 ஹெர்ட்ஸ் மானிட்டரில் ஆடிக்கொண்டு மவுஸுக்கு 13,000 ஒதுக்கியிருப்பவர் யாராவது இருந்தால், அந்தப் பணத்தை மானிட்டருக்குக் கொடுங்கள். இதை நான் முழு மனதோடு சொல்கிறேன். எய்முக்கு அதைவிடப் பெரிய உதவி கடையில் கிடையாது.

ஏப்ரல் 13, காலை 7.00

வயர்லெஸ் ரிசீவரை சிபியுவின் பின்பக்கம், யுஎஸ்பி 3 போர்ட்டுக்கு நடுவில் செருகாதீர்கள். அந்தப் போர்ட்டுகளின் இரைச்சல் 2.4 கிகாஹெர்ட்ஸ் பக்கம் விழும். கூடவே வரும் நீட்டிப்பு வயரில் போட்டுப் பேடுக்குப் பக்கத்தில் வையுங்கள்.

ஏப்ரல் 27, மாலை 4.30

கிளிக் பற்றி இதுவரை பேசவில்லை. எய்ம் என்பது நிறுத்துவதோடு முடிவதில்லை, அழுத்துவதும் சேர்ந்ததுதான். கனமான கிளிக்கை அழுத்தும்போது மவுஸே ஒரு நூல் நகரும், குறிப்பாக விரல்நுனிப் பிடியில். லேசான, சட்டென்று திரும்பும் கிளிக் இருந்தால் குறி கலையாது. இதில் விலைக்கும் தரத்துக்கும் உறவு உண்டு, ஆனால் நேர்கோடாக இல்லை.

நான் வைத்திருந்த விலை உயர்ந்த மவுஸ் ஒன்றுக்கு வாரண்டி முடிந்த சூட்டோடு இரட்டைக் கிளிக் வியாதி வந்தது. ஒருமுறை அழுத்தினால் இருமுறை சுடும், ஆபரேட்டர் ஸ்னைப்பர் துப்பாக்கியைப் பிடித்துக்கொண்டு நிற்கும்போது அது என்ன பாடுபடுத்தும் என்று பட்டவர்களுக்குத் தெரியும். உலோகத் தகடு தொட்டுப் பிரியும் சுவிட்சில் தேய்மானம் இப்படித்தான் வெளிப்படும். ரேஸர் 2019இலிருந்து பல மாடல்களில் போடும் ஆப்டிகல் சுவிட்சில் ஒளிக்கற்றையை மறைப்பதும் திறப்பதும்தான் கிளிக், தொட்டுத் துள்ளும் தகடு இல்லை, அதனால் இந்த வியாதிக்கு வழி குறைவு. தகட்டுச் சுவிட்சில் டிபவுன்ஸ் நேரத்தை (ஒரு கிளிக்குக்குப் பின் அடுத்ததை ஏற்காமல் விடும் இடைவெளியை) கூட்டினால் கொஞ்ச காலம் ஓட்டலாம். சாலிடரிங் தெரிந்த மொபைல் கடைக்காரர் இருந்தால் சுவிட்சை மாற்றிக் கொடுப்பார், சுவிட்ச் விலை சொற்பம்.

மே 10, இரவு 10.00

இந்த இழையின் தலைப்பே பழசாகிக்கொண்டு வருகிறது. மலிவு ஒரு பக்கம், விலை கூடியது ஒரு பக்கம் என்று நாம் பேசிக்கொண்டிருக்க, நடுவில் சீன நிறுவனங்கள் புகுந்துவிட்டன. அட்டாக் ஷார்க் எக்ஸ்3, விஜிஎன் டிராகன்ஃப்ளை போன்றவற்றில் பிக்ஸ்ஆர்ட் 3395 சென்சார், 650 ஐபிஎஸ், வயர்லெஸ், எடை 50 கிராம் சுற்றி. சில ஆயிரம் ரூபாய்க்குள் கிடைக்கின்றன. பதின்மூன்றாயிரம் ரூபாய் மவுஸில் மூன்று வருடம் முன்பு கிடைத்த அத்தனையும் காகிதத்தில் இவற்றில் இருக்கிறது.

அப்படியானால் மீதிப் பணம் எதற்குப் போகிறது? ஒரே மாடலில் இரண்டு வாங்கினால் இரண்டும் ஒரே மாதிரி இருப்பதற்கு. மவுஸின் கூட்டை அழுத்தினால் முனகாமல் இருப்பதற்கு. உள்ளூரில் வாரண்டிக்கு ஆள் இருப்பதற்கு. வயர்லெஸ் சிக்னல் நெரிசலிலும் அறுபடாமல் இருப்பதற்கு. இவை நியாயமான காரணங்கள். எய்ம் துல்லியம் அந்தப் பட்டியலில் இல்லை.

லாஜிடெக்கின் வயர்லெஸ் ஜி304 வைத்திருப்பவர்கள் எடைக்காக மாற்ற நினைத்தால் முதலில் பேட்டரியைப் பாருங்கள். அந்த மவுஸ் 99 கிராம் என்பது ஏஏ பேட்டரியோடு சேர்த்து. சாதா ஆல்கலைன் 23 கிராம், லித்தியம் ஏஏ 15 கிராம். ஏஏஏ ஒன்றை அடாப்டர் கூட்டில் போட்டால் இன்னும் குறையும். பின்பக்கக் கனம் போவது கையில் நன்றாகத் தெரியும்.

மே 24, காலை 9.15

கேள்வி கேட்ட தம்பி எழுதியிருக்கிறான். பெரிய பேட் வாங்கிவிட்டான், 800 டிபிஐயில் 0.45க்கு வந்துவிட்டான், மாமா மவுஸ் இல்லாமல் வந்து திரும்பியும் போய்விட்டார். பிளாட்டினம் தொட்டு ஒருமுறை கீழே இறங்கியும் இருக்கிறான். இப்போது அவன் கேட்பது: "கை 19.5 செ.மீ., உள்ளங்கைப் பிடி, சுண்டுவிரல் இழுபடுது. இப்பவாவது மாத்தலாமா?"

இப்போது மாற்றலாம். இது வேறு கேள்வி, இதற்கு ஆமாம் என்பதே பதில். அந்தக் கைக்கு ஜி102 சின்னது, அதில் பிடிவாதம் பிடிக்க ஒன்றுமில்லை. டெத்ஆடர் வடிவம், அல்லது இசி வடிவம். இரண்டையும் கடையில் கையில் வைத்துப் பார்த்துவிட்டு வா. சுண்டுவிரல் பக்கவாட்டில் படிகிறதா, கட்டைவிரலை நசுக்காமல் மவுஸைத் தூக்கிவைக்க முடிகிறதா, அவ்வளவுதான் பார்க்கவேண்டியது. பிடித்த வடிவத்தில் 70 கிராமுக்குக் கீழே, 4,000 ரூபாய்க்குள் எது கிடைக்கிறதோ அதை எடு. வந்தவுடன் ஸ்கேலை வைத்து 10 செ.மீ. கணக்கைப் பார்த்துச் சென்ஸைச் சமன்செய்துவிட்டுத்தான் முதல் மேட்ச். ஜி102ஐ விற்காதே, 400 ரூபாய் மவுஸோடு ஆடும் தங்கச்சிக்குக் கொடு.